போட்டுக்கொள்ள முடியாத தங்கம்

ஏப்ரல் 30, புதன்

இன்றோடு வேலை முடிந்தது. ஒரு சால்வை, சின்னதாக ஒரு வெள்ளி விளக்கு, ஒரு சுவர்க் கடிகாரம். இனி நேரம் பார்த்து ஓட வேண்டியதில்லை என்று மேடையில் பேசிவிட்டுக் கடிகாரத்தைக் கையில் கொடுத்தார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இந்த டைரி ஒரு இருமல் மருந்துக் கம்பெனி கொடுத்தது. நாலு மாதம் வெறுமனே கிடந்தது. தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் முப்பத்தொரு வருஷம் ஊரார் எலும்பைப் படம் பிடித்தாயிற்று. நாளை முதல் பிடிக்க ஒன்றுமில்லை, ஆகவே எழுதிப் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்தால் டிவியில் அட்சய திருதியைக் கூட்டம். பவுன் எழுபதாயிரத்தைத் தாண்டியும் சனம் முண்டியடிக்கிறது. தம்பி ஆவுடையப்பன் தன் எலக்ட்ரிகல் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, இன்னைக்கு ஒரு கிராமாச்சும் வாங்கிருக்கலாம்லா. ரிட்டயர் ஆன நாளும் நல்ல நாளா அமைஞ்சிருக்கு."

"பி.எஃப். பணம் வரட்டும்," என்றேன். அந்தப் பணம்தான் எனக்கு எல்லாம். பென்ஷன் என்று வரப்போவது மருந்துக்குக்கூடக் காணாது. வீடு தம்பி பேரில் இருக்கிறது. கல்யாணமாகிப் போகிறவளுக்கு வீடு எதற்கு என்று அப்பா அவன் பேருக்கே எழுதினார். நான் போகவில்லை.

மே 6, செவ்வாய்

விடியும் முன்பே விழித்துவிடுகிறேன். விழித்து என்ன செய்வது என்று தெரியவில்லை. வாசல் தெளிக்கப் போனால், "நீங்க இருங்க மைனி," என்று தம்பி பெண்டாட்டி உலகம்மாள் வாளியைப் பிடுங்குகிறாள். காய் நறுக்க உட்கார்ந்தால் கத்தியைப் பிடுங்குகிறாள். மத்தியானம் என் தட்டில் மட்டும் முட்டை.

"எனக்கு எதுக்கு உலகு?"

"முட்டி வலிக்குன்னியள்ளா. திங்கணும்."

பல வருஷமாக என் முட்டி வலித்துக்கொண்டுதான் இருக்கிறது. இந்த மாதம்தான் முட்டை வருகிறது. பணம் வரும் செய்தி முட்டிக்கும் எட்டிவிட்டது போலிருக்கிறது. சரி, சாப்பிட்டேன்.

மே 9, வெள்ளி

எலக்ட்ரீஷியன் பையன் ஒருவன் தம்பியைத் தேடி வந்தான். கடையில் ஒயர் சரக்கே இல்லையாம். தம்பியிடம் சொன்னேன். "லோடு வரணும்," என்றான். ஸ்கூட்டரையும் காணோம். சர்வீஸுக்கு விட்டிருக்கிறானாம்.

மே 15, வியாழன்

பி.எஃப். கையெழுத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். பில்லிங் பிரிவு பிரான்சிஸ் சார் டீ வாங்கிக் கொடுத்தார். பாதிப் பணத்தை பேங்கில் போட்டுவிட்டு மீதிக்குத் தங்கம் வாங்கலாம் என்றிருக்கிறேன் என்றேன்.

"நகையாவா எடுக்கப் போறீங்க டீச்சர்?" அவர் எல்லோரையும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். "செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி.ன்னு வாங்குறப்பவே ஒரு பங்கு போயிரும். விக்கப் போனா அதுல எதையும் திருப்பித் தர மாட்டான். பேப்பர் தங்கம் வாங்குங்க."

கவர்மெண்டு தங்கப் பத்திரம் இப்போது புதிதாக விடுவதில்லையாம். கோல்டு ஃபண்டு இருக்கிறது. நம் பெயரில் கணக்கில் இருக்கும், தங்கம் விலை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். வேண்டும்போது வேண்டிய அளவுக்கு விற்றால் பணம் பேங்குக்கு வந்துவிடும். லாக்கர் வேண்டாம், திருட்டுப் பயம் இல்லை.

"ஆனா போட்டுக்கிட முடியாது," என்றேன்.

"போட்டுக்கிட முடியாதுதான்," என்றார்.

எத்தனை பெண்களிடம் நகையைக் கழற்றச் சொல்லியிருப்பேன். கழுத்துப் படம் என்றால் தாலியையும் கழற்ற வேண்டும். சிலர் அழுவார்கள். சிலர் மாமியாரை உள்ளே கூப்பிட்டு ஒப்படைப்பார்கள். முக்கால்வாசிப் பேர் என் கையில்தான் போட்டுவிட்டுப் போய்ப் படுப்பார்கள். படம் எடுத்து முடிக்கும் வரை அது என் கோட்டுப் பையில் கிடக்கும். அந்த நேரத்துக்கு நானும் பவுனோடு நடமாடினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கென்று அப்பா சேர்த்தது தம்பியின் கடை முன்பணத்துக்குப் போயிற்று. ஒரு மெல்லிய சங்கிலியும் தோடும்தான் மிச்சம். எனக்கு ஆரம் போட்டுப் பார்க்க ஆசை. இந்த வயதில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

மே 23, வெள்ளி

பணம் வந்துவிட்டது. போனில் மெசேஜ் வந்ததும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

தம்பியிடம் பேப்பர் தங்கத்தைப் பற்றிச் சொன்னேன். கேட்டவுடன் முகம் சுருங்கிவிட்டது.

"பேப்பர்ல எழுதி வச்சா அது தங்கமாக்கா? நாளைக்கு அவன் கம்பெனிய மூடிட்டுப் போனா யார்ட்ட போய்க் கேப்ப? நகையா எடு. ஒரு ஆரம் எடு. ஒனக்கும் ஆச்சு, சிந்து கல்யாணத்துக்கு அத்த போட்டுவிட்ட மாதிரியும் ஆச்சு. ஆத்திர அவசரத்துக்கும் ஒதவும்."

சிந்துஜா அவன் மகள், சென்னையில் வேலை பார்க்கிறாள். அவள் கழுத்தில் என் ஆரம் கிடந்தால் எனக்குச் சந்தோஷம்தான். சமையலறையில் உலகு மிக்ஸியை ஓடவிட்டுக்கொண்டே இருந்தாள். எதை அரைத்தாளோ, தட்டில் சட்னியே வரவில்லை.

மே 28, புதன்

மூவருமாக நகைக்கடைக்குப் போனோம். சும்மா பார்த்துவிட்டு வரலாம், வெள்ளிக்கிழமை வந்து எடுக்கலாம் என்று திட்டம்.

விற்பனைப் பையன் சிவப்பு வெல்வெட்டில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். "பொண்ணுக்குக் கல்யாணமாம்மா?" என்றான்.

"எனக்குத்தான்," என்றேன்.

ஒரு நொடி முழித்தான். பிறகு கண்ணாடியை என் பக்கம் திருப்பி வைத்தான். மாங்காய் வைத்த ஆரம் ஒன்று, நெஞ்சு வரை வந்தது. தலை நரைத்திருக்கிறது, கழுத்தில் சுருக்கம், சேலை பழசு. இருந்தும் எனக்கு என்னைப் பிடித்தது. கழற்ற மனசே இல்லை.

"நல்லாருக்குக்கா," என்றான் தம்பி. நிஜமாகத்தான் சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது.

"பழைய நகை இருந்தா எக்ஸ்சேஞ்ச் போட்டுக்கிடலாம் சார்," என்று பையன் உலகின் வளையல்களைச் சுட்டிக்காட்டினான். உலகு கையை மடியில் இழுத்துக்கொண்டாள். "அதெல்லாம் வேண்டாம்," என்றான் தம்பி, கொஞ்சம் சத்தமாகவே. பவுன் வைத்திருக்கிறவர்களுக்கு இருக்கிற ராங்கி. உலகு எங்களுக்கு முன்பே எழுந்து கடை வாசலுக்குப் போய்விட்டாள். எனக்கு ஆரம் அமைவது அவளுக்கு உறுத்துகிறது என்று நினைத்தேன்.

மே 30, வெள்ளி

தம்பிக்கு ஏதோ அவசரப் போன். மதுரைக்குப் போய்விட்டான். ஆரம் அடுத்த வெள்ளிக்குத் தள்ளிப்போயிற்று. எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரி ஏமாற்றம்.

ஜூன் 2, திங்கள்

சாரல் தொடங்கிவிட்டது. கொல்லைப்புறத் துவைகல் பக்கம் பாசி. உலகு வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. தம்பி கடையில் இருந்தான், போனை எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

என் இடத்தில் இப்போது ஒரு சின்னப் பெண். "மேடம், நீங்களே நகையக் கழட்டிருங்களேன்," என்றாள். திரைக்குப் பின்னால் நிறுத்தி, சோப்புத் தண்ணீர் போட்டு வளையல்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். உலகு வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான்கும் என் உள்ளங்கையில் விழுந்தன.

கனமே இல்லை.

முப்பத்தொரு வருஷம் பிறத்தியார் நகையை ஏந்திய கை. அதற்குத் தராசு வேண்டாம், உரைகல் வேண்டாம். கழுத்துச் சங்கிலியைத் தொட்டேன். அதுவும் கவரிங். நிமிர்ந்தேன். உலகு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாலி மட்டும் நெசம் மைனி," என்றாள்.

படம் எடுத்து, சின்ன விரிசல் என்று மாவுக்கட்டுப் போடக் காத்திருந்தபோது பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். அவள் குரலில் அழுகை இல்லை, அலுப்புதான் இருந்தது.

"பெரிய ஷோரூம் வந்த பெறகு யாவாரம் படுத்துட்டு. மொதல்ல என் ஆரத்த அடகு வச்சாவ. பெறகு நெக்லஸ், பெறகு வளையல். திருப்பிரலாம் திருப்பிரலாம்னு வட்டி கட்டிக் கட்டி, ஏலத்துக்குப் போயிட்டு. குடிக்கவா செஞ்சாவ, சீட்டாடவா செஞ்சாவ? கடைய விட மனசில்ல, அவ்வளவுதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"புருசன் மானத்த நானே எப்பிடி விக்கது மைனி? சிந்துகிட்டயே சொல்லல." வீங்கிய கையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டாள். "நீங்க ஆரம் எடுக்காதீங்க. வீட்ல நகைன்னு ஒண்ணு இருந்தா அவியளுக்கு ஒறக்கம் வராது. ஒங்களக் கேக்கவும் மாட்டாவ, எடுக்காம இருக்கவும் மாட்டாவ. ஆடி பொறக்கங்குள்ள அது போயிரும். கடசி காலத்துல நீங்க என்ன செய்வீய? எங்களால ஒங்களப் பாத்துக்கிட முடியுமான்னு எனக்கே தெரியல."

முட்டை வைத்தவளைப் பற்றி அன்று நான் எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். அந்த வரியை அடித்துப்போடவில்லை. இருக்கட்டும், என் லட்சணம் எனக்குத் தெரியட்டும்.

ஜூன் 3, செவ்வாய்

உலகுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டேன். வேறு எதுவும் எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

பிரான்சிஸ் சாரைக் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போனேன். பாதி பேங்கில் டெபாசிட், பாதி கோல்டு ஃபண்டு. எல்லாம் ஒரு முற்பகலில் முடிந்துவிட்டது. கையில் வாங்கிக்கொண்டு வர ஒன்றும் இல்லை. போனில் ஒரு எண் வந்தது, அவ்வளவுதான். இத்தனை வருஷ உழைப்பு ஒரு எண்ணாக மாறிவிட்டது.

எனக்குப் பிறகு யாருக்கு என்று கேட்டார்கள். பி.எஃப். கணக்கில் எப்போதும் தம்பி பெயர்தான். இன்று உலகம்மாள் என்று சொன்னேன். "உறவு?" என்றது கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண். "தம்பி மனைவி." நிமிர்ந்து பார்த்தாள். வேறு பெயர் தோன்றவில்லை, அதனால் சொன்னேன். உலகிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

ஜூன் 6, வெள்ளி

ஆனால் தம்பியிடம் என்ன சொல்வது? பேப்பர் என்று சொன்னால், அதையும் பேங்கில் காட்டிக் கடன் வாங்கலாம் என்று யாராவது அவன் காதில் ஓதிவிடுவார்கள். இல்லை என்று அவன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் போதாது. அவனைத் தூக்கி வளர்த்தவள் நான்.

யோசனை என்னுடையதுதான், உலகின்மேல் பழியில்லை. அவன் கடையில் இருக்கும் நேரத்தில் இருவரும் போனோம். நகைக்கடை பக்கம் திரும்பாமல் பஜாரின் அடுத்த தெருவில் கவரிங் கடைக்கு. அதே மாங்காய் டிசைன், அதே நீளம். "ஆறு மாசம் கியாரண்டிம்மா. தண்ணியும் சென்டும் படாமப் பாத்துக்கிடுங்க," என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்ததும் உலகு தன் பீரோவின் அடியிலிருந்து சிவப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வந்தாள். அவள் கல்யாண ஆரத்தின் பெட்டி, காலி.

"இதுல வச்சா பெரிய கடைல எடுத்த மாதிரி இருக்கும்," என்றாள், இடது கையால் தூசியைத் துடைத்துக்கொண்டே.

சாயங்காலம் தம்பி பெட்டியைத் திறந்து பார்த்தான். "என்னைய விட்டுட்டுப் போயிட்டியளே," என்று குறைப்பட்டான். பிறகு, "அப்பா இருந்திருந்தா பாத்துருப்பாரு," என்றான். நான் பெட்டியை வாங்கி மூடினேன்.

ஜூன் 27, வெள்ளி

சித்தப்பா வீட்டுக் கல்யாணம். ஆரத்தைப் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் சந்தனம் கொடுத்த பெண் முதல், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவள் வரை எல்லோரும் என் கழுத்தைத்தான் பார்த்தார்கள். "எத்தன பவுன் வடிவு?" "ரிட்டயர் பணத்துல எடுத்ததா?" எதிரே வந்தாலும் நலம் கேட்காதவர்கள்கூட நின்று கேட்டார்கள். சண்முகவடிவு என்று ஒருத்தி இருப்பதே பலருக்கு இன்றுதான் நினைவு வந்தது.

பொய் என்று தெரிந்தும் எனக்குப் பிடித்திருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் உலகு கட்டுப் போட்ட கையோடு, அவளும் கவரிங். ஒருதடவை இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், சிரிப்பு வந்துவிட்டது. பாயசம் புரையேறிற்று.

ஜூலை 4, வெள்ளி

கடைக்கு வாடகை கேட்டு இடத்துக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். தம்பி வாசலிலேயே வைத்துப் பேசி அனுப்பினான். உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். அப்போது கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன்.

"முட்டி வலி எப்பிடி இருக்குக்கா?" என்றான்.

ஜூலை 10, வியாழன்

துவைத்த சேலைகளை அடுக்கப் பீரோவைத் திறந்தேன். சிவப்புப் பெட்டி இல்லை.

சமையலறை வாசலில் உலகு நின்றாள். "காலைல நீங்க கோயிலுக்குப் போயிருக்கும்போது எடுத்துட்டுப் போனாவ. நா பாக்காத மாதிரி இருந்துட்டேன் மைனி."

இருவரும் அப்படியே தரையில் உட்கார்ந்தோம். அடுப்பில் பருப்பு கொதித்து வழிந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. ஆரம் எடுத்துவிட்டேன் என்று அவன் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேனே தவிர, அடகுக்கடையில் அதை உரசிப் பார்க்கும் ஆள் இவன் முகத்தைப் பார்ப்பானே என்று யோசிக்கவில்லை. ஊருக்குள் கடை வைத்திருக்கிறவன். கவரிங்கைக் கொண்டுவந்து ஏமாற்றப் பார்க்கிறான் என்று பஜார் முழுக்கச் சொல்வார்களே. அவனுக்கு அது கவரிங் என்று தெரியாது என்பதை யார் நம்புவார்கள்? என் பணத்தைக் காப்பாற்ற என் தம்பியைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியது நான்.

மத்தியானம் அவன் சாப்பிட வரவில்லை. சாயங்காலம் வந்தான், நேரே குளிக்கப் போனான். நான் பீரோவைத் திறந்து பார்த்தபோது பெட்டி பழைய இடத்தில் இருந்தது.

தோசைக்கு உட்கார்ந்தான். தட்டைவிட்டு நிமிரவில்லை. தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, அந்த ஆரத்தப் பத்திரமா வச்சுக்க. பவுன் விக்கிற வெலைக்கு, கண்ட எடத்துல வைக்காத."

"சரிப்பா," என்றேன்.

உலகு அவன் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டாள். மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

ஜூலை 11, வெள்ளி

அவன் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். முழுவதும் இல்லாவிட்டாலும் பாதியாவது. கொடுத்திருப்பேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. நானாவது கூப்பிட்டு உட்கார வைத்து, உன் கஷ்டம் எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு எனக்கு ஒரு மாதத்துக்கும் மேலே அவகாசம் இருந்தது.

பிரான்சிஸ் சார் போன் செய்தார். விலை கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். என் தங்கம் பத்திரமாக இருக்கிறது, என்னைத் தவிர யாரும் எடுக்க முடியாது.

தம்பி பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து, வீட்டைவிட்டு இறங்கும்போது "அக்கா, போயிட்டு வாறேன்" என்று உள்ளே பார்த்துச் சொல்லாமல் இறங்கியதில்லை. சண்டை போட்ட நாளிலும் சொல்லிவிட்டுத்தான் போவான். இன்று செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது. கேட் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு சாத்துகிற சத்தமும் கேட்டது. நான் கையிலிருந்த பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்தேன்.